தோட்டா மீள்நிரப்புக் கருவியில் உறுப்புத் தளர்வு

தோட்டா மீள்நிரப்புக் கருவியில் உறுப்புத் தளர்வு என்பது, சுடப்பட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை மீண்டும் நிரப்பப் பயன்படும் அழுத்தியில் திருகு, நட்டு, பூட்டு வளையம் முதலியவை பயன்பாட்டின்போது இறுக்கம் இழப்பதைக் குறிக்கும். பெரும்பாலான பொறிகளில் ஓர் உறுப்பு தளர்ந்தால் பொறி ஓசை எழுப்பும் அல்லது நின்றுவிடும். இக்கருவியில் பல வேளைகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. பொறி வழக்கம்போல் இயங்கும். அது தரும் தோட்டாவின் அளவு மட்டும் சிறிது சிறிதாக மாறும். ஆகையால் தளர்ந்த உறுப்பை இறுக்குவதுடன் பழுது நீங்கிவிடுவதில்லை. இழந்த அளவை மீட்டமைப்பதும், தளர்ந்திருந்த காலத்தில் செய்யப்பட்ட தோட்டாக்களைப் பிரித்து ஆராய்வதும் பழுதுநீக்கத்தின் பகுதிகளாகும்.

ஐக்கிய அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோரும் வேட்டையாடுவோரும் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு மீள்நிரப்பலைச் செய்கின்றனர். இந்தியாவில் உரிமம் இன்றி இதனைச் செய்வது குற்றமாகும். இக்கருவியே இந்தியச் சட்டத்தின்படி தோட்டாவுக்கு ஒப்பாகக் கருதப்படுகிறது.

தோட்டாவின் உறுப்புகள்

தற்காலத் தோட்டா ஒன்றில் நான்கு உறுப்புகள் உள்ளன. அவை:

- கூடு: பெரும்பாலும் பித்தளையால் ஆனது. மற்ற மூன்றையும் தாங்குவது.
- தீமூட்டி: கூட்டின் அடியில் உள்ள சிறு கிண்ணம். அடிபட்டதும் தீப்பொறி தருவது.
- உந்துமருந்து: எரிந்து வளிமமாக மாறிக் குண்டை உந்துவது.
- குண்டு: குழலிலிருந்து வெளியேறும் உறுப்பு.

சுடும்போது பின்னைய மூன்றும் செலவாகின்றன. பித்தளைக் கூடு மட்டும் எஞ்சுகிறது. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சற்று விரிந்த அக்கூட்டை மீண்டும் உரிய அளவுக்குச் சுருக்கி, பழைய தீமூட்டியை நீக்கிப் புதியது பொருத்தி, மருந்திட்டு, குண்டைச் செருகுவதே மீள்நிரப்பல் ஆகும்.

வரலாறு

உலோகக் கூட்டுத் தோட்டாக்கள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவலாயின. 1860களில் இங்கிலாந்தின் எட்வர்டு பாக்சர், அமெரிக்காவின் ஐரம் பெர்டன் ஆகிய இருவரும் தனித்தனியே தீமூட்டி அமைப்புகளை உருவாக்கினர். பாக்சர் முறைக் கூட்டில் நடுவில் ஒரே ஒரு தீத்துளை உண்டு. பெர்டன் முறைக் கூட்டில் நடுவில் ஒரு மேடும் அதன் பக்கங்களில் பொதுவாக இரு சிறு துளைகளும் உண்டு. நடுத்துளையின் வழியே ஊசியைச் செலுத்திப் பழைய தீமூட்டியை எளிதில் தள்ளிவிடலாம் என்பதால் மீள்நிரப்பலுக்குப் பாக்சர் முறைக் கூடே ஏற்றது.

தொடக்கத்தில் குறடு போன்ற கைக்கருவிகள் பயன்பட்டன. 1884 இல் ஜான் பார்லோ என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் குறடுகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. பின்னர் மேசையில் பொருத்தப்படும் நெம்புகோல் அழுத்திகள் வந்தன. இன்றைய அழுத்திகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒற்றைநிலை அழுத்தியில் ஒரு நேரத்தில் ஓர் அச்சு மட்டும் பொருத்தப்படும். சுழல்தலை அழுத்தியில் பல அச்சுகள் ஒரு சுழலும் தலையில் அமைந்திருக்கும். தொடர்நிலை அழுத்தியில் கைப்பிடியை ஒருமுறை இழுக்கும்போது பல கூடுகளில் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடைபெறும். உறுப்புகள் பெருகப் பெருகத் தளர்வதற்கான இடங்களும் பெருகுகின்றன.

கருவி இயங்கும் விதம்

அழுத்தியின் சட்டகம் வார்ப்பிரும்பு அல்லது அலுமினியக் கலவையால் ஆனது. அதன் கீழ்ப்பகுதியில் மேலும் கீழும் நகரும் உந்துதண்டு உள்ளது. தண்டின் உச்சியில் உள்ள கூடுதாங்கி கூட்டின் விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. சட்டகத்தின் மேற்பகுதியில் உள்ள மரையிட்ட துளையில் அச்சு திருகப்படுகிறது. கைப்பிடியை இழுத்தால் தண்டு உயர்ந்து கூட்டை அச்சுக்குள் செலுத்தும்.

அச்சு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதே கூட்டின் அளவையும் குண்டு செருகப்படும் ஆழத்தையும் முடிவு செய்கிறது. அந்த இடத்தில் அச்சை நிறுத்தி வைப்பது பூட்டு வளையம் எனப்படும் ஒரு நட்டு ஆகும்.

தளர்வு ஏற்படக் காரணங்கள்

திருகு இறுக்கப்படும்போது அதன் தண்டு மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட தண்டு மீண்டும் சுருங்க முயல்வதால் உண்டாகும் விசையே இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. இது முன்னிறுக்கம் எனப்படும். மரையின் முகங்களுக்கு இடையிலான உராய்வு திருகு பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கிறது. முன்னிறுக்கம் குறைந்தால் உராய்வும் குறையும். திருகு சுழலத் தொடங்கும்.

செருமானியப் பொறியாளர் கெரார்டு யுங்கர் 1969 இல் வெளியிட்ட ஆய்வு இதில் முதன்மையானது. திருகின் அச்சுக்குக் குறுக்காக ஏற்படும் அசைவே நீளவாட்டில் ஏற்படும் அசைவைவிட விரைவாகத் திருகைத் தளர்த்துகிறது என்பதை அவர் காட்டினார். மீள்நிரப்பு அழுத்தியின் கைப்பிடி மேலும் கீழுமாகச் சுழல்வது. ஒவ்வோர் இழுப்பிலும் சட்டகமும் மேசையும் சற்று வளைந்து மீள்கின்றன. நூற்றுக்கணக்கான இழுப்புகளில் இந்தச் சிறு குறுக்கசைவு சேர்ந்து திருகுகளைத் தளர்த்துகிறது. பிற காரணங்கள் வருமாறு:

- புதிய கருவியில் பூச்சும் உலோக மேடுபள்ளங்களும் அழுந்தி முன்னிறுக்கம் குறைதல்.
- மெல்லிய மரப்பலகையில் பொருத்துவதால் வாஷருக்கு அடியில் மரம் நசுங்குதல்.
- மரையில் எண்ணெய் படிந்து உராய்வு குறைதல்.
- அச்சை மாற்றும்போது வளையத்துக்குப் பதிலாக அச்சின் உடலைப் பிடித்துத் திருகுதல்.

சிறு சுழற்சியும் அளவு மாற்றமும்

பெரும்பாலான மீள்நிரப்பு அச்சுகளின் மரை 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 சுற்றுகளும் கொண்டது. ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு அச்சு 1/14 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.81 மில்லிமீட்டர் நகரும். கால் சுற்றுக்கு 0.45 மில்லிமீட்டர். 20 பாகை சுழன்றால் 0.1 மில்லிமீட்டர். கடிகார முகப்பில் நான்கு நிமிடங்களுக்கும் குறைவான இச்சுழற்சி கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் தோட்டாவில் அது பதிவாகிவிடும்.

அச்சு மேலேறினால் கூடு முழுமையாகச் சுருங்காது. தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் நுழையாமல் சிக்கும். குண்டு செருகும் அச்சு கீழிறங்கினால் குண்டு ஆழமாகச் செல்லும். கூட்டுக்குள் மருந்துக்கு எஞ்சும் இடம் குறையும். சிறிய கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் இவ்விடம் ஏற்கெனவே குறைவு என்பதால், சிறிதளவு ஆழம் கூடினாலும் எரியும்போது எழும் அழுத்தம் வெகுவாக உயரும்.

அரியலூர் மாவட்டத்தின் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரங்கள் முந்திரி விளையும் பகுதிகளாகும். வரதராஜன்பேட்டை இவ்வட்டாரத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. முந்திரிக்கொட்டையின் ஓட்டைக் கைப்பிடியாலும் மிதிகட்டையாலும் இயங்கும் வெட்டுக்கருவியில் பிளப்பர். இதுவும் மீள்நிரப்பு அழுத்தியும் நெம்புகோலால் இயங்கும் எளிய பொறிகளே. வெட்டுக்கருவியின் கத்தி தளர்ந்து இடைவெளி மாறினால் பருப்பு உடையும். உடைந்த பருப்பைக் கண்டவுடன் வேலை செய்பவர் கருவியை நிறுத்திக் கத்தியைச் சரிசெய்வார். மீள்நிரப்பு அழுத்தியில் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. பிழையான தோட்டாவும் சரியான தோட்டாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு சுடும்போதுதான் வெளிப்படும்.

தளரும் உறுப்புகள்

மேசைத் திருகுகள்: கருவியை மேசையுடன் இணைப்பவை. இவை தளர்ந்தால் கைப்பிடியை இழுக்கும்போது சட்டகம் முன்னே சாயும். பலகைக்கு அடியில் அகன்ற வாஷர்களோ இரும்புத் தகடோ வைத்து இறுக்குவது வழக்கம்.

கைப்பிடி நட்டு: இது தளர்ந்தால் கைப்பிடி ஆடும். எளிதில் தெரியக்கூடியது, ஆபத்துக் குறைந்தது.

பூட்டு வளையம்: இதில் இருவகைத் தளர்வுகள் உண்டு. வளையம் அச்சோடு உறுதியாக இருக்க, அச்சும் வளையமும் சேர்ந்து சட்டகத்திலிருந்து தளர்வது முதல் வகை. இதில் அளவு அழிவதில்லை. வளையம் சட்டகத்தில் படியும்வரை மீண்டும் திருகினால் பழைய நிலை வந்துவிடும். வளையத்தின் பூட்டுத் திருகு தளர்ந்து வளையமே அச்சின்மேல் நகர்வது இரண்டாம் வகை. இதில் அளவு முற்றிலும் இழக்கப்படுகிறது. அச்சைப் புதிதாக அமைக்கவேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் வெறுமனே இறுக்கிவிடுவது, தவறான நிலையிலேயே அச்சைப் பூட்டுவதாக முடியும்.

தீமூட்டி நீக்கும் ஊசி: இது அச்சின் நடுவில் ஒரு பற்றியால் பிடிக்கப்பட்டிருக்கும். பெர்டன் முறைக் கூடு தவறுதலாக நுழைந்தால் ஊசி நடுமேட்டில் மோதி மேலே நழுவும் அல்லது உடையும்.

சுழல்தட்டின் நடுத்திருகு: தொடர்நிலை அழுத்தியில் கூடுகளைத் தாங்கும் வட்டத்தட்டு இதனால் பிடிக்கப்படுகிறது. மிக இறுகினால் தட்டு சுழலாது. தளர்ந்தால் தட்டு சாயும்; தீமூட்டி கோணலாகவோ முழுமையாகப் பதியாமலோ பொருந்தும். இத்திருகு சரியான இறுக்கத்தில் நிற்கும்படி பக்கத்தில் ஒரு சிறு பூட்டுத் திருகு அமைக்கப்படுவதுண்டு.

மருந்தளவி: ஒவ்வொரு கூட்டுக்கும் உரிய மருந்தை அளந்து இடுவது. இதன் அளவுத் திருகு தளர்ந்தால் மருந்தின் அளவு கூடும் அல்லது குறையும். எல்லாத் தளர்வுகளிலும் இதுவே மிகவும் ஆபத்தானது. மருந்து கூடினால் குழலோ அறையோ வெடிக்கலாம். மருந்து விழாமல் போனால் தீமூட்டியின் விசை மட்டும் குண்டைத் தள்ளும். குண்டு குழலின் நடுவில் சிக்கிக்கொள்ளும். அதனை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும்.

பழுதுநீக்கும் முறை

கருவியின் உற்பத்தியாளர் தரும் கையேடே முதன்மையானது. பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசை பின்வருமாறு:

1. மருந்தும் தீமூட்டிகளும் கருவியிலிருந்து அகற்றப்பட்டு வேறிடத்தில் வைக்கப்படும். தீமூட்டிகள் அடிபட்டால் வெடிப்பவை. ஒன்று வெடித்தால் குழாயில் அடுக்கப்பட்ட மற்றவையும் தொடர்ந்து வெடிக்கலாம். தொடர்நிலை அழுத்தியில் ஒவ்வொரு நிலையிலும் உள்ள கூடுகளும் எடுக்கப்படவேண்டும். கண்ணாடி அணிவது இன்றியமையாதது.

2. தளர்ந்த உறுப்பைத் தொடுமுன் அது இருக்கும் நிலை குறித்துக்கொள்ளப்படும். எவ்வளவு நகர்ந்தது என்பது பின்னர் ஐயத்துக்குரிய தோட்டாக்களைக் கண்டறிய உதவும்.

3. மரை துடைக்கப்பட்டு, தேய்வோ வெடிப்போ உள்ளதா என்று பார்க்கப்படும். மரை அழிந்திருந்தால் திருகை மேலும் முறுக்குவது பயன்தராது. சட்டகத் துளையின் மரை கெட்டிருந்தால் அதைப் பெரிதாக்கிச் சுருள்வடிவச் செருகி பொருத்துவதும், உறுப்பையே மாற்றுவதும் தீர்வுகளாகும்.

4. அச்சு புதிதாக அமைக்கப்படும். தீமூட்டியும் மருந்தும் இல்லாத கூடு ஒன்றைத் தண்டில் ஏற்றி, அச்சுக்குள் அது அழுந்தியிருக்கும் நிலையிலேயே பூட்டு வளையம் இறுக்கப்படும். இதனால் மரையின் இடைவெளி ஒரு பக்கமாக அடங்கி, அச்சு கூட்டின் நேர்கோட்டில் நிற்கும்.

5. பூட்டுத் திருகு மரையை நேரடியாக நசுக்கும் வகை வளையங்களில், திருகின் முனைக்கு அடியில் ஒரு சிறு ஈயக்குண்டை இடுவது பழைய வழக்கம். மெல்லிய ஈயம் மரைக்குள் பரவி, அதைக் கெடுக்காமல் பிடிக்கும். பிளவுடைய வளையத்தைச் சுற்றிலும் இறுக்கும் வகையில் இச்சிக்கல் இல்லை.

6. வெற்றுத் தோட்டா ஒன்று செய்யப்பட்டு வெர்னியர் அளவுகோலால் அளக்கப்படும். மருந்தளவி திறக்கப்பட்டிருந்தால் பலமுறை மருந்து எடுத்து ஒவ்வொன்றும் தராசில் நிறுக்கப்படும்.

7. இறுக்கியபின் வளையத்துக்கும் சட்டகத்துக்கும் குறுக்காக வண்ணத்தால் ஒரு கோடு இடப்படும். கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் உறுப்பு மீண்டும் சுழன்றுவிட்டது என்பது பொருள். மேற்கூறிய காணவியலாத தளர்வைக் காணச் செய்யும் மிக எளிய வழி இதுவாகும்.

மரைப்பசை

மரைகளுக்கு இடையே இட்டு உறையவிடும் பசை மரைப்பசை எனப்படும். காற்றில் நீர்மமாக இருந்து, காற்றற்ற உலோக இடைவெளியில் மட்டும் உறையும் இவ்வகைப் பசையை அமெரிக்க வேதியியலாளர் வெர்னன் கிரீபிள் 1953 இல் உருவாக்கினார். பின்னர் இது லாக்டைட் என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது. பொதுவாக நீலநிறப் பசை கைக்கருவியால் கழற்றக்கூடியது. சிவப்புநிறப் பசை நிலையான இணைப்புகளுக்கானது. அதைக் கழற்ற ஏறத்தாழ 250 பாகை செல்சியசு வரை வெப்பப்படுத்தவேண்டும்.

புகையற்ற உந்துமருந்து இதைவிட மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே தீப்பற்றும். கருவியின் இடுக்குகளில் மருந்துத் துகள்கள் தங்கியிருக்கலாம். ஆகவே மீள்நிரப்பு அழுத்தியில் சிவப்புப் பசை தவிர்க்கப்படுகிறது. மேசைத் திருகு, கைப்பிடி நட்டு முதலியவற்றில் நீலப் பசை ஓரிரு துளிகள் போதும். அடிக்கடி மாற்றவேண்டிய அச்சு வளையங்களுக்குப் பசை தேவையில்லை. நீர்மப் பசையோ எண்ணெயோ தீமூட்டியில் பட்டால் அது செயலிழக்கக்கூடும் என்பதால், இவ்வேலை முடிந்து பசை உறைந்த பின்னரே தீமூட்டிகள் கருவிக்கு அருகில் கொண்டுவரப்படும்.

தளர்வுக் காலத் தோட்டாக்கள்

தளர்வு கண்டறியப்பட்ட நேரமும் அது தொடங்கிய நேரமும் ஒன்றல்ல. கடைசியாக அளந்தபோது சரியாக இருந்த தோட்டாவுக்குப் பிறகு செய்யப்பட்ட அனைத்தும் ஐயத்துக்குரியவை. இதனால் தேர்ந்தோர் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை ஒரு தோட்டாவை அளந்து ஏட்டில் எழுதிவைக்கின்றனர், பெட்டிகளுக்கும் எண்ணிடுகின்றனர். ஐம்பதுக்கு ஒருமுறை அளப்பவர் ஐம்பது தோட்டாக்களை மட்டும் ஒதுக்கினால் போதும். அளக்காதவர் தாம் செய்த அனைத்தையும் ஒதுக்கவேண்டியிருக்கும்.

நீளத்தில் மட்டும் பிழை இருந்தால் அளந்து பிரித்துவிடலாம். மருந்தளவில் ஐயம் இருந்தால் தோட்டாவை நிறுத்துப் பார்ப்பது நம்பத்தக்கதன்று. கூடுகளுக்கும் குண்டுகளுக்கும் இடையிலான எடை வேறுபாடே மருந்தின் எடை வேறுபாட்டை மறைத்துவிடக்கூடும். அத்தகைய தோட்டாக்கள் சுடப்படாமல் முறையாகப் பிரிக்கப்படுகின்றன. சுடும்போது ஓசையும் உதையும் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் உடனே நிறுத்தி, துப்பாக்கியை வெறுமையாக்கி, குழலில் குண்டு சிக்கியுள்ளதா என்று பார்க்கவேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதியாகும்.

இந்தியச் சட்டத்தில்

1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் தோட்டா முதலியவற்றுக்குத் தரும் வரையறை மிக விரிவானது. அவற்றின் உறுப்புகளும் அவற்றை உற்பத்தி செய்வதற்கான பொறிகளும் அவ்வரையறையிலேயே அடங்குகின்றன. அச்சட்டத்தின் 5 ஆம் பிரிவு, உரிமம் இன்றி இவற்றை உற்பத்தி செய்தல், விற்றல், மாற்றியமைத்தல், சோதித்தல் ஆகியவற்றுடன் பழுதுபார்த்தலையும் தடைசெய்கிறது. 2019 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் இப்பிரிவை மீறுவோருக்கு 7 ஆண்டுகளுக்குக் குறையாத, ஆயுள்காலம் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு. உரிமம் தொடர்பான நடைமுறைகளை 2016 ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் வகுக்கின்றன.

இதன் விளைவு குறிப்பிடத்தக்கது. அரியலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ உள்ள ஒரு கடைசல் பட்டறைக்கு முந்திரி வெட்டுக்கருவியின் தளர்ந்த திருகும் மீள்நிரப்பு அழுத்தியின் தளர்ந்த திருகும் தொழில்முறையில் ஒரே வேலைதான். முன்னதை யாரும் செய்யலாம். பின்னதை உரிமம் இன்றிச் செய்தால் அது கடுங்குற்றமாகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் மீள்நிரப்பல் ஒரு பொழுதுபோக்காக வேரூன்றவில்லை. பெரம்பலூர், அரியலூர் பகுதிகள் உட்படப் பல மாவட்டங்களில் வாழும் நரிக்குறவர் மரபாகப் பயன்படுத்திய நாட்டுத் துப்பாக்கி வாய்வழி மருந்திடப்படுவது. அதில் மருந்தும் பால்ரசு எனப்படும் சிறு குண்டுகளும் குழலின் வாய் வழியே நேரடியாக இடப்படும். கூடு என்பதே இல்லாததால் அதற்கு மீள்நிரப்பு அழுத்தியும் தேவைப்படவில்லை.

எனினும் உந்துமருந்துத் தொழிலில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் உள்ள கார்டைட் தொழிற்சாலை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. உந்துமருந்துகளை உற்பத்தி செய்கிறது. திருச்சிராப்பள்ளியில் உள்ள படைக்கலத் தொழிற்சாலை 1960களில் தொடங்கப்பட்டது. சுடுகலன்களை உற்பத்தி செய்கிறது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியம் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, அருவங்காடு தொழிற்சாலை மியூனிசன்சு இந்தியா நிறுவனத்தின்கீழும், திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலை அட்வான்சுடு வெப்பன்சு அண்டு எக்யூப்மென்ட் இந்தியா நிறுவனத்தின்கீழும் வந்தன.

இவற்றையும் பார்க்க

- தோட்டா
- சுடுகலன்
- திருகு
- நெம்புகோல்
- வெர்னியர் அளவுகோல்
- அருவங்காடு